பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது? இங்கிலாந்து கவுன்சில்களின் தீராத கணக்கு

2012 வாக்கில் வட லண்டனில் உள்ள பார்னெட் கவுன்சிலின் வரைபடம் ஒன்று இங்கிலாந்தின் உள்ளாட்சி வட்டாரத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோடு கவுன்சிலுக்கு வரும் பணம். இன்னொன்று முதியோர், உடலும் மனமும் நலிந்தவர்கள், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் ஆகியோரைக் கவனிக்க ஆகும் செலவு. இப்படியே போனால் இருபது ஆண்டுகளுக்குள் இரண்டாவது கோடு முதல் கோட்டை முட்டிவிடும். அதன் பிறகு நூலகம், பூங்கா எதற்கும் பணம் இருக்காது. குப்பை அள்ளவும் காசு இருக்காது. ‘அழிவின் வரைபடம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

பார்னெட்டில் இன்றும் குப்பை அள்ளுகிறார்கள். நூலகங்களும் இருக்கின்றன, ஊழியர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அந்தக் கோட்டைக் கீழே இழுத்துப் பிடிக்க இங்கிலாந்தின் கவுன்சில்கள் ஒவ்வொன்றும் பல வழிகளைக் கையாள்கின்றன. ‘தேவை மேலாண்மை’ என்று அதிகாரிகள் சொல்வது அந்த வழிகளைத்தான். அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை. சில, மறுப்பதற்கு மரியாதையாகப் பெயர் சூட்டுவது. எது எது என்று பிரித்தறிய, முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

மருத்துவம் இலவசம், பராமரிப்பு இல்லை

பிரிட்டனில் மருத்துவம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்போம். உண்மைதான்: புற்றுநோய் வந்தால் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் பார்த்துக்கொள்ளும், ஒரு பென்ஸும் கேட்காது. ஆனால் மறதி நோய் முற்றிய ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பிட வைத்து, வீட்டை விட்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவக் கணக்கில் வராது. அது சமூகப் பராமரிப்பு. அதற்குப் பொறுப்பு கவுன்சில். கவுன்சிலோ உங்கள் வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்லும்.

இந்தப் பிளவு புதிதல்ல. என்எச்எஸ் பிறந்த அதே 1948 ஜூலை 5 அன்றுதான், பழைய ஏழைச் சட்டத்தை ஒழித்து, முதியோர் இல்லப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் விட்ட இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஒன்று எல்லோருக்கும் இலவசம், மற்றது வசதியைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. எண்பது, தொண்ணூறு வயதுவரை நான்கைந்து நோய்களோடு வாழ்பவர்கள் அப்போது குறைவு.

இன்றைய விதி இது. (இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் சார்ந்த பராமரிப்பு 2002 முதலே இலவசம்.) கையில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள், வருமானத்திலிருந்து மட்டும் பங்கு கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், கூடுதலாக உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். வீட்டிலேயே பராமரிப்பு வாங்கினால் நீங்கள் குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் சேராது. நிரந்தரமாக கேர் ஹோமுக்கு (பராமரிப்பு இல்லம்) போனால், கணவன், மனைவி போன்ற நெருங்கியவர் யாராவது அந்த வீட்டில் தொடர்ந்து இருந்தாலொழிய, 12 வாரம் கழித்து வீடும் கணக்கில் சேரும். லண்டன் பக்கம் சாதாரண வீட்டின் விலையே பல லட்சம் பவுண்டு என்பதால், வீடு வைத்திருந்த முதியவர் அநேகமாக இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்.

பணம் ஒரு வாசல் என்றால் தேவை இன்னொரு வாசல். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அதை நாடு முழுக்க ஒரே அளவாக்கியது. நோயாலோ குறைபாட்டாலோ வந்த தேவையாக இருக்க வேண்டும். பட்டியலிட்ட பத்துக் காரியங்களில் இரண்டையாவது செய்ய முடியாமல் இருக்க வேண்டும்: சமைத்துச் சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறை போவது, தகுந்த உடை அணிவது, வீட்டில் பத்திரமாக நடமாடுவது, உறவுகளைப் பேணுவது, வேலைக்கோ படிக்கவோ போவது என்று அந்தப் பட்டியல் போகும். அதனால் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அந்தத் தேவையை நிறைவேற்றுவது கவுன்சிலின் சட்டக் கடமை. ‘இந்த ஆண்டு பட்ஜெட் தீர்ந்துவிட்டது, ஏப்ரலில் வாருங்கள்’ என்று சொல்ல முடியாது.

கையைக் கட்டிப்போட்ட இரண்டு சட்டங்கள்

இங்கேதான் சிக்கல். தகுதியுள்ள எல்லோருக்கும் தர வேண்டும் என்பது ஒரு சட்டம். வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது இன்னொன்று. மத்திய அரசு போல அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கும் உரிமை கவுன்சிலுக்குக் கிடையாது. கணக்கு இடிக்கும் என்று தெரிந்தால் நிதி அதிகாரி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால், சட்டப்படி கட்டாயமான செலவைத் தவிரப் புதிதாக எதற்கும் பணம் ஒதுக்க முடியாது. 2018இல் நார்தாம்ப்டன்ஷயர், 2020இல் கிராய்டன், 2023இல் பர்மிங்காம், நாட்டிங்காம் என்று வரிசையாக இந்த நிலைக்கு வந்தன. ஒவ்வொன்றின் காரணமும் வேறு. பர்மிங்காமில் சம ஊதிய வழக்குகளின் சுமை பெரிது, வேறு சில இடங்களில் முதலீட்டில் சூதாடினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அடியில் ஓடிய அழுத்தங்களில் ஒன்று பராமரிப்புச் செலவு. நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சிலையே 2021இல் கலைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

வருமானத்தைக் கூட்டலாமே என்றால் அதற்கும் பூட்டு. வழக்கமாக, பொதுவாக்கெடுப்பு நடத்தாமல் கவுன்சில் வரியை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏற்ற முடியும். அதில் 2 சதவீதம் பராமரிப்புக்கென்றே 2016 முதல் அனுமதித்த தனி ஏற்றம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுன்சில் வரி 1991 ஏப்ரல் மாத வீட்டு மதிப்பை வைத்துப் போடுவது. விலை மலிந்த வீடுகள் நிறைந்த ஊரில் 2 சதவீதம் ஏற்றினால் சொற்பம்தான் சேரும். அதே ஊரில்தான் சொந்தக் காசில் பராமரிப்பு வாங்க முடியாதவர்களும் அதிகம். பணக்கார ஊரில் வரி நிறையச் சேரும், முதியவர்களில் பலர் தாங்களே செலவைப் பார்த்துக்கொள்வார்கள். தேவை எங்கே அதிகமோ அங்கே வரி குறைவாகச் சேரும்படி அமைந்த ஏற்பாடு இது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்றாலும் திருத்தவும் யாரும் துணியவில்லை.

இந்தப் பொறுப்பைச் சுமப்பவை மொத்தம் 153 கவுன்சில்கள். உதவி கேட்டு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் புதிய கோரிக்கைகள் வருகின்றன. நீண்டகாலப் பராமரிப்பு பெறுவோர் 8 லட்சத்துக்கும் மேல். பலர் நினைப்பதுபோல் இது முழுக்க முதியோருக்குப் போகும் பணம் அல்ல. ஏறக்குறைய பாதிச் செலவு 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கானது, அதிலும் பெரும்பங்கு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு. ஆள் எண்ணிக்கையில் முதியோர் அதிகம். ஆனால் ஒரு முதியவர் கேர் ஹோமில் சராசரியாகச் சில ஆண்டுகளே இருப்பார். இருபது வயதில் உதவி தேவைப்படும் ஒருவருக்கு அந்த உதவி ஐம்பது ஆண்டுகள் தேவைப்படலாம்.

தேவை எங்கே உருவாகிறது?

வயதாவதை எந்த கவுன்சிலும் நிறுத்த முடியாது. சரி, அப்படியென்றால் தேவையை ‘மேலாண்மை’ செய்வது எப்படி? இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டால் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒருவருடைய உடல்நிலை எவ்வளவு தேவையை உண்டாக்குகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு தேவையை, அவரைப் பற்றி எப்போது, எங்கே, யார் முடிவெடுத்தார்கள் என்பதும் உண்டாக்குகிறது.

எண்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனியாக வாழ்கிறார், கடைக்குப் போகிறார், சமைக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அறுவைசிகிச்சை நன்றாக முடிகிறது. ஆனால் வார்டில் இரண்டு வாரம் படுத்திருந்ததில் காலில் தசை வற்றிவிடுகிறது. இரவில் குழப்பமாகப் பேசுகிறார். பழகாத இடம், காய்ச்சல், மருந்து எல்லாம் சேர்ந்து வயதானவர்களுக்குத் தற்காலிகமாக இப்படி ஆவது சகஜம். வார்டில் படுக்கை வேண்டும். என்எச்எஸ் மருத்துவமனைகளில் மருத்துவக் காரணம் ஏதும் இல்லாமலே தங்கியிருப்பவர்கள் குளிர்கால நாள்களில் 12,000க்கும் மேல் இருப்பார்கள். எல்லோருக்கும் அவசரம். படுக்கையில் குழம்பிக் கிடக்கும் அம்மாவைப் பார்த்த மகளுக்குப் பயம். ‘தனியாக இருப்பது பத்திரமில்லை, கேர் ஹோம்தான் சரி’ என்று அந்தக் கூட்டத்தில் முடிவாகிறது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்த அம்மா தன் வாழ்க்கையிலேயே மிக மோசமாக இருந்த வாரத்தில், தன் சொந்த அடுப்பும் கட்டிலும் இல்லாத இடத்தில், அவருடைய மீதி வாழ்நாளுக்கான முடிவை எடுத்துவிட்டார்கள். கேர் ஹோமுக்குப் போனவர்கள் வீடு திரும்புவது அபூர்வம். வீட்டை விற்றுவிடுவார்கள், நடக்கும் பழக்கம் போய்விடும். வாரத்துக்கு ஆயிரம் பவுண்டை ஒட்டிய செலவு தொடங்கிவிடும். சேமிப்பு கரைந்ததும் அந்தச் செலவு கவுன்சிலிடம் வரும்.

இதனால்தான் இங்கிலாந்தில் ‘முதலில் வீட்டுக்கு அனுப்பு, பிறகு மதிப்பிடு’ என்ற வழக்கம் வந்தது. நீண்டகால முடிவை மருத்துவமனைப் படுக்கையில் எடுக்கவே கூடாது என்பது அதன் விதி. ‘மூன்று உரையாடல்கள்’ என்ற பெயரில் பல கவுன்சில்கள் பின்பற்றும் வேலைமுறையிலும் இதே விதி உண்டு. முதல் உரையாடலில், இந்த ஆளுக்குத் தன் குடும்பம், அக்கம்பக்கம், ஊரில் உள்ள சங்கங்கள் வழியாகவே என்ன கிடைக்கும் என்று பார்ப்பார்கள். நெருக்கடியில் இருந்தால் இரண்டாவது உரையாடல்: உடனே எது மாற வேண்டும்? அந்த நெருக்கடி தீரும்வரை சோஷியல் வொர்க்கர் கூடவே இருப்பார். நெருக்கடி அடங்கிய பிறகுதான் நீண்டகால உதவி பற்றிய மூன்றாவது உரையாடல்.

வீடு திரும்பியவருக்கு அடுத்தது ரீஏபிள்மென்ட்: தன் வேலையைத் தானே செய்ய மீண்டும் பழக்குவது. என் கணிப்பில் இந்தத் துறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான். ஆறு வாரம்வரை கட்டணம் கிடையாது, வசதியானவர்களுக்கும்கூட. வழக்கமான கேரர் (பராமரிப்பாளர்) வந்தால் அரை மணி நேரத்தில் குளிப்பாட்டி, உடை மாட்டி, டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். ரீஏபிள்மென்ட் கேரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நீங்களே சட்டையை மாட்டுங்கள், கடைசிப் பொத்தானுக்கு மட்டும் நான் உதவுகிறேன் என்பார். அடுத்த வாரம் அதுவும் தேவைப்படாது. பார்ப்பவர்களுக்கு, அதிலும் பெரியவர்களுக்குப் பணிவிடை செய்வதையே அன்பாக நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இது கல்நெஞ்சமாகத் தெரியலாம். ஆனால் இன்னொருவர் குளிப்பாட்டிவிட்டால் சில வாரங்களில் தானே குளிக்கும் திறன் போய்விடும். அது போன பிறகு வருவது வாழ்நாள் முழுதுமான தேவை.

சாதனங்கள் விஷயமும் இதே மாதிரிதான். நடமாட முடியாத ஒருவரைக் கட்டிலில் புரட்டவும் தூக்கவும் இரண்டு கேரர்கள் வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். நாளைக்கு நான்கு முறை, தலா அரை மணி நேரம், இரண்டு பேர் என்றால் வாரத்துக்கு 28 மணி நேரம். ஆளைத் தூக்கும் நல்ல ஹாயிஸ்ட் கருவி, வழுக்கும் விரிப்பு, தானே புரட்டும் மெத்தை என்று, அன்றாடக் காரியங்களுக்கு வழிசெய்து தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வந்து பார்த்து ஏற்பாடு செய்தால் பல வீடுகளில் ஒருவரே போதும். 14 மணி நேரம் மிச்சம். மணிக்கு 25 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18,200 பவுண்டு, ஒரே ஒரு வீட்டில். இரண்டாவது கேரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கட்டிலைச் சுற்றி இரண்டு அந்நியர்கள் நிற்க வேண்டியதில்லை என்பதால் அந்த நபருக்கும் இது பெரும்பாலும் நல்லதே. ஆயிரம் பவுண்டுக்குள் அடங்கும் கைப்பிடி, சாய்தளம் போன்ற சின்ன மாற்றங்களை கவுன்சில் இலவசமாகச் செய்து தர வேண்டும் என்பதும் விதி. பெரிய மாற்றங்களுக்கு, குளியலறையை இடித்துக் கட்டுவது போன்றவற்றுக்கு, வசதியைப் பொறுத்து 30,000 பவுண்டுவரை மானியம் உண்டு.

இப்போது இளையவர்கள் பக்கம். இங்கே வேடிக்கை என்னவென்றால், தேவை எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். டவுன் சிண்ட்ரோமோடு பதினான்கு வயதில் சிறப்புப் பள்ளியில் படிக்கும் பையனுக்கு நான்கு ஆண்டில் பதினெட்டாகும் என்பதைக் கணிக்க நிபுணர் வேண்டாம். அப்படியும் குழந்தைகள் பிரிவும் பெரியவர்கள் பிரிவும் ஒரே கட்டிடத்தில் இருந்துகொண்டு பதினேழரை வயதில்தான் பேசத் தொடங்குவது உண்டு. இன்னொரு முனையில், எண்பது வயது அப்பாவும் அம்மாவும் ஐம்பது வயது மகனை எந்த உதவியும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கவுன்சிலின் கணக்கில் அந்தக் குடும்பமே இருக்காது. ஒருநாள் அப்பா தவறிவிடுவார், அம்மா மருத்துவமனைக்குப் போவார். அன்று இரவுக்குள் மகனுக்கு ஓர் இடம் வேண்டும். காலியாக இருப்பது எழுபது மைலுக்கு அப்பால் உள்ள விலை உயர்ந்த இல்லம். தற்காலிகம் என்று போனவர் பத்து ஆண்டு அங்கேயே இருப்பார். பெற்றோர் நன்றாக இருக்கும்போதே போய்ப் பேசி, அதே ஊரில் ஒரு ஃபிளாட்டையும் அன்றாட உதவியையும் மெதுவாகப் பழக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அவருடைய நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் கைவிட்டுப் போயிருக்காது.

தேவையைக் குறைக்காமல் செலவை மட்டும் குறைக்கும் வழிகள்

மேலே சொன்னதெல்லாம் ஆளுக்கும் நல்லது, கவுன்சிலுக்கும் நல்லது. இனி வருபவை அப்படி அல்ல.

முதலாவது விலை. பராமரிப்பை கவுன்சில் தானே செய்வது இன்று அபூர்வம். சுமார் 18,000 நிறுவனங்களிடமிருந்து வாங்குகிறார்கள், பெரும்பாலும் தனியார். மொத்தமாக வாங்குபவர் என்ற பலத்தில் கவுன்சில் விலையை அடித்துப் பேசும். எங்கே போய் முடிந்தது என்பதை போட்டிச் சந்தை ஆணையம் 2017இல் கணக்கிட்டுக் காட்டியது: ஒரே கேர் ஹோமில், ஒரே மாதிரி அறையில், சொந்தக் காசில் இருப்பவர் கவுன்சில் செலவில் இருப்பவரைவிடச் சராசரியாக 41 சதவீதம் அதிகம் கொடுக்கிறார். கவுன்சில் கொடுக்காத பாக்கியைப் பக்கத்து அறைக்காரர் கட்டுகிறார் என்று அர்த்தம். வீட்டுக்கு வரும் கேரர்கள் விஷயத்தில் இதே அழுத்தம் பதினைந்து நிமிட வருகையாக மாறியது. அரை மணி நேரத்துக்குக் குறைந்த வருகை பழகிய கேரர் ஒரு குறிப்பிட்ட சின்ன வேலையை முடிப்பதற்கு மட்டும்தான் பொருந்தும் என்று மருத்துவம், பராமரிப்பு இரண்டுக்கும் தரம் வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2015இலேயே சொல்லிவிட்டது. கால்மணி நேரத்தில் ஒரு முதியவரை எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், ஊட்டிவிட முடியுமா என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விலையை அடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வைப்பது மத்திய அரசு. இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி சம்பளம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, அதே மாதம் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறியது. கவுன்சில் எந்த முடிவும் எடுக்காமலே அதன் செலவு கூடிவிட்டது. ஆள் பற்றாக்குறைக்கு 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா திறந்தார்கள். கேரளம், தமிழ்நாடு, நைஜீரியா, ஜிம்பாப்வே என்று பல இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள், இடைத்தரகர்களிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விலையை ஒரேயடியாக நசுக்கினால் நிறுவனமே மூழ்கும். 2011இல் சதர்ன் கிராஸ் என்ற நிறுவனம் கவிழ்ந்தபோது அதன் சுமார் 750 இல்லங்களில் 31,000 பேர் இருந்தார்கள். அதன் வீழ்ச்சிக்குக் கட்டிட வாடகையும் முக்கியக் காரணம். நிறுவனம் திவாலானாலும் அங்கிருப்பவர்களின் பொறுப்பு கவுன்சிலைத்தான் சேரும்.

இரண்டாவது வழி, செலவை வேறொருவர் பக்கம் தள்ளுவது. உடல்நலத் தேவையே முதன்மையாக உள்ளவருக்கு முழுச் செலவையும் என்எச்எஸ் ஏற்க வேண்டும், அங்கே சொத்துக் கணக்கு கிடையாது. பமீலா கோக்லன் வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாக்கியது. அன்றிலிருந்து ஒரே ஆளின் கோப்பை வைத்துக்கொண்டு, இது மருத்துவம் என்று கவுன்சிலும், இல்லை, பராமரிப்பு என்று என்எச்எஸ்சும் வாதாடுவது ஓயவில்லை. நாட்டின் கஜானாவுக்கு இதில் ஒரு பென்ஸும் மிச்சமில்லை, குடும்பத்துக்கு மட்டும் வீடு மிஞ்சுமா போகுமா என்ற கேள்வி.

மூன்றாவது, பயனாளியிடம் கூடுதலாக வாங்குவது. நார்ஃபோக் கவுன்சில் கட்டண விதிகளை இறுக்கியபோது, வேலைக்கே போக முடியாத அளவு கடுமையான குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் கட்ட வேண்டியதாயிற்று. அது பாகுபாடு என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது.

நான்காவது, வாசலிலேயே திருப்பிவிடுவது. அந்த 20 லட்சம் கோரிக்கைகளில் ஏறக்குறைய பாதி, எந்தச் சேவையும் இல்லாமலோ வேறு அமைப்புக்கு வழிகாட்டிவிட்டோ முடிகிறது. அழைத்தவரின் பிரச்சினை தீர்ந்ததா, அலுத்துப்போய் விட்டுவிட்டாரா என்பதை இந்த எண் சொல்லாது. ஆறு மாதம் கழித்து அதே ஆள் ஆம்புலன்ஸில் வந்தால் அது புதிய கோரிக்கையாகத்தான் பதிவாகும்.

ஒரு படி மேலே போய்த் தகுதியையே உயர்த்திப் பார்த்த கவுன்சில்களும் உண்டு. 2014 சட்டத்துக்கு முன் தேவைகளை நான்கு தரமாகப் பிரித்திருந்தார்கள். எந்தத் தரம்வரை உதவுவது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தீர்மானித்தது. 2011இல் பர்மிங்காம், ‘மிக நெருக்கடியான’ தரத்துக்கு மட்டும்தான் உதவி என்று அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஆகும் என்பதைச் சரிவரப் பரிசீலிக்காமல் எடுத்த முடிவு என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஒரு நடனக் கலைஞரின் இரவு

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு எலைன் மெக்டொனால்ட் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஸ்காட்டிஷ் பாலே நடனக் குழுவில் முதன்மை நடனக் கலைஞராக இருந்தவர். 1999இல் பக்கவாதம் வந்து நடமாட்டம் குறுகிவிட்டது. சிறுநீர்ப்பை பாதிப்பால் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டும். கட்டுப்படுத்த முடியாத நிலை அல்ல. கமோடுவரை போக ஒருவர் கைகொடுத்தால் போதும். லண்டனின் கென்சிங்டன் அண்ட் செல்சி கவுன்சில் இரவுக்கு ஒரு கேரர் தந்துவந்தது. பிறகு செலவைக் குறைக்க வேண்டிவந்தபோது, கேரருக்குப் பதில் பெரியவர்களுக்கான டயப்பரையும் ஈரம் உறிஞ்சும் விரிப்பையும் தருவதாகச் சொன்னது. ஆண்டுக்குச் சுமார் 22,000 பவுண்டு மிச்சம்.

தேவை இருக்கிறதா என்பதை கவுன்சிலின் பணநிலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. தேவையை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதில் மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கலாம். இன்றைய சட்டத்தின் நிலை இது. மெக்டொனால்ட் வழக்கில் கவுன்சில் என்ன செய்தது என்றால், தேவையின் பெயரையே மாற்றியது. ‘இரவில் கமோடைப் பயன்படுத்த உதவி’ என்று எழுதியிருந்ததை, இரவில் சிறுநீரைப் பாதுகாப்பாகச் சமாளிப்பது என்ற பொருளில் மாற்றி எழுதியது. அப்படி எழுதினால் டயப்பரும் ஒரு விடைதான். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கவுன்சில் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட ஒரே நீதிபதி லேடி ஹேல். இந்தத் தர்க்கத்தை ஏற்றால் பகலிலும் அப்படியே விட்டுவிடலாமே, சிறுநீரோடு மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல், மதிப்பீட்டை முறைப்படி மாற்றுவதற்கு முன்பே உதவியைக் குறைத்திருந்த ஏறக்குறைய ஓர் ஆண்டுக் காலத்துக்கு மட்டும் மீறல் உண்டு என்றது. காகிதத்தைச் சரிசெய்த பிறகு நடந்தது மீறல் ஆகவில்லை.

அந்த நால்வரின் சட்ட வாதத்தை என்னால் பின்தொடர முடிகிறது; ஏற்க முடியவில்லை. ஹாயிஸ்ட் வந்தபோது இரண்டு கேரர் ஒருவரானார், ஆளுக்கு எந்த இழப்பும் இல்லை. ரீஏபிள்மென்ட் முடிந்தபோது வீடு திரும்பியவரால் முன்பைவிட அதிகம் செய்ய முடிந்தது. டயப்பர் வந்தபோது மெக்டொனால்டால் முன்பு செய்ய முடிந்த ஒன்று செய்ய முடியாமல் போனது. மூன்றும் கவுன்சிலின் பட்ஜெட் அறிக்கையில் ‘சேமிப்பு’ என்ற ஒரே தலைப்பில்தான் வரும். உங்கள் ஊர் கவுன்சில் பிப்ரவரியில் பட்ஜெட் போடும்போது அந்தத் தலைப்பின் கீழ் உள்ள வரிகளைப் படித்துப் பாருங்கள். ‘பராமரிப்புத் தொகுப்புகளை மறுபரிசீலனை செய்வதன் மூலம் இத்தனை லட்சம்’ என்று இருந்தால், எந்த மாதிரி மறுபரிசீலனை என்று உங்கள் கவுன்சிலரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லோரையும்விட அதிகம் சேமித்துக் கொடுப்பவர்கள் எந்த பட்ஜெட்டிலும் இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் இன்னொருவரைப் பராமரிப்பதாகச் சொன்னவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 47 லட்சம். ஹாரோ, பிரென்ட், கிராய்டன், ரெட்பிரிட்ஜ் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது மருமகளின் வேலையாகவோ கல்யாணமாகாத மகளின் வேலையாகவோ ஆகிவிடும், யாரும் அதைப் பராமரிப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 2014 சட்டப்படி அவர்களுக்கும் தனி மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. பார்த்துக்கொள்பவர் எவ்வளவு செய்ய முடியும், செய்ய விரும்புகிறார் என்பதை கவுன்சில் கேட்டாக வேண்டும். செய்வார் என்று தானாகவே வைத்துக்கொள்ளக் கூடாது. வாரம் குறைந்தது 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்குக் கிடைக்கக்கூடிய அரசு உதவித்தொகை 2025-26இல் வாரத்துக்கு 83.30 பவுண்டு. கணக்குப் போட்டால் மணிக்கு இரண்டரை பவுண்டுகூடத் தேறாது.

கடைசியாக, கவுன்சில்களைவிடத் திறமையாகத் தேவையைக் கட்டுப்படுத்துபவர் ஒருவர் இருக்கிறார்: நிதியமைச்சர். 23,250 என்ற அந்த வரம்பு 2010இல் வைத்தது. இன்றுவரை ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. விலைவாசியோடு ஏறியிருந்தால் 30,000ஐத் தாண்டியிருக்கும். ஏற்றாமல் சும்மா விட்டதாலேயே ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் பேர் அரசு உதவிக்கு வெளியே போகிறார்கள். அறிவிப்பு கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, வழக்குப் போடவும் இடமில்லை. வாழ்நாளில் ஒருவர் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்று 2011இல் ஆண்ட்ரூ டில்னாட் தலைமையிலான ஆணையம் சொன்னது. அது பரிந்துரைத்த அளவு 35,000 பவுண்டு. அரசு அதை 72,000 ஆக்கிச் சட்டமும் போட்டுவிட்டுத் தள்ளிவைத்தது. 2021இல் போரிஸ் ஜான்சன் 86,000 என்று மறுபடி அறிவித்தார். அதுவும் தள்ளிப்போய், 2024 ஜூலையில் நிதியமைச்சராக இருந்த ரேச்சல் ரீவ்ஸ் முழுதாகக் கைவிட்டார். இப்போது லூயிஸ் கேசி தலைமையில் இன்னோர் ஆணையம் 2025 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. அதன் இறுதி அறிக்கைக்குக் கெடு 2028.